புதியவருக்குப் புரியும்படி உதவிப் பக்கம் எழுதுவது: பட்டா, சிட்டா பக்கத்தை வைத்து ஒரு விவாதம்

3 ஜூன், காலை 9:40 | கேட்டவர்

எங்கள் தளத்தில் 'பட்டா, சிட்டா இணையத்தில் பெறுவது எப்படி' என்று ஒரு பக்கம் இருக்கிறது. நிறையப் பேர் வருகிறார்கள். ஆனால் கீழே வந்து விழும் கேள்விகள் எல்லாம் பக்கத்திலேயே பதில் உள்ளவை: 'எங்கே அமுக்கணும்?', 'காசு கட்டணுமா?', 'விவரம் இல்லைன்னு வருது, என்ன செய்ய?' தகவலில் பிழை இல்லை. அப்படியென்றால் எழுத்தில்தான் கோளாறு. முதல் பத்தியை அப்படியே தருகிறேன். தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

"தமிழ்நாடு அரசின் வருவாய்த் துறையால் பொதுமக்களின் வசதிக்காக வழங்கப்பட்டு வரும் இணையவழிச் சேவைகளுள் முதன்மையானதாக விளங்கும் பட்டா மற்றும் சிட்டா பார்வையிடும் சேவையைப் பயன்படுத்த, இணையதளத்திற்குச் சென்று, உரிய சேவையைத் தேர்ந்தெடுத்து, மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றை உள்ளீடு செய்து, புல எண் மற்றும் உட்பிரிவு எண்ணைப் பதிவிட்டு, கைபேசிக்கு வரும் ஓடிபி-யை உள்ளிட்டுச் சமர்ப்பித்தால் தேவையான ஆவணத்தைப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம்."

3 ஜூன், காலை 10:25 | மொழி திருத்துபவர்

பத்தி முழுக்க ஒரே வாக்கியம். சென்று, தேர்ந்தெடுத்து, உள்ளீடு செய்து, பதிவிட்டு, உள்ளிட்டு என ஐந்து வினையெச்சம் வரிசை கட்டி நிற்கின்றன. வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. சாவகாசமாக உட்கார்ந்து படிப்பவர் இதைத் தாண்டிவிடுவார். உங்கள் வாசகர் அப்படிப் படிப்பதில்லை. 'சென்று' வரை படிக்கிறார், அரசுத் தளத்துக்குப் போகிறார், ஒரு வேலையைச் செய்கிறார், திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுகிறார். வாக்கியத்தின் நடுவில் விட்ட இடம் என்று எதுவும் கிடைக்காது. அதனால்தான் 'எங்கே அமுக்கணும்' என்று கேட்கிறார்.

ஒரு வரிக்கு ஒரு செயல், ஒரு வினைமுற்று. வினையெச்சம் வேண்டுமென்றால் ஒன்று மட்டும். 'பெட்டியைத் தொட்டு எண்ணைத் தட்டுங்கள்' வரை சரி. அதற்கு மேல் நீண்டால் உடைத்துவிடுங்கள்.

இன்னொன்று. 'பட்டா' என்ற சொல் வருவதற்கு முன்னால் பன்னிரண்டு சொற்கள் ஓடிவிட்டன. அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட வாசகருக்கு வேலைக்கு ஆகாது. வருவாய்த் துறையின் பெருமையைப் படிக்க அவர் வரவில்லை.

3 ஜூன், காலை 10:50 | இ-சேவை மையம் நடத்துபவர்

காசு கட்டணுமான்னு கேட்கிறாங்களே, அதுக்குப் பதில் உங்க பக்கத்துல எங்க இருக்கு?

3 ஜூன், காலை 11:05 | கேட்டவர்

கடைசிப் பத்தியில். 'இச்சேவைக்குக் கட்டணம் ஏதுமில்லை' என்று.

3 ஜூன், காலை 11:30 | இ-சேவை மையம் நடத்துபவர்

அங்கதான் விஷயமே இருக்கு. மையத்துக்கு வர்றவங்க வாசல்ல நின்னே கேட்கிறது நாலு கேள்வி: எவ்வளவு ஆகும், என்னென்ன கொண்டுவரணும், இப்பவே கிடைக்குமா, நான் நேர்ல வரணுமா. இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்ச பிறகுதான் உட்காருவாங்க. பக்கத்துலயும் அதே வரிசைதான் வேணும். முதல் திரையிலேயே, விரலால நகர்த்தாமலே தெரியணும்:

பார்க்கவும் இறக்கிக்கொள்ளவும் கட்டணம் இல்லை. போனிலேயே செய்யலாம். தாலுகா அலுவலகம் போக வேண்டாம். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: நிலம் இருக்கும் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமத்தின் பெயர்; பட்டா எண் அல்லது புல எண்ணும் உட்பிரிவு எண்ணும்; ஓடிபி வரக்கூடிய போன்.

அந்த மூணாவதை யாரும் எழுத மாட்டாங்க. பெரியவர் மகனோட எண்ணைக் கொடுப்பார், மகன் வெளியூர்ல வேலையில இருப்பார், ஓடிபி அங்க போயிடும். அவர் போனை எடுத்து எண்ணைச் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். 'பக்கத்தில் இருக்கிற போனின் எண்ணையே கொடுங்கள்'னு ஒரு வரி போட்டா போதும்.

3 ஜூன், மாலை 6:15 | மொழி திருத்துபவர்

கையில் வைத்துக்கொள்ள வேண்டியதைச் சொன்னால், அது எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'புல எண் தேவை' என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான். 'கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம் என்ற பகுதி இருக்கும். அதில் சர்வே எண் அல்லது புல எண் என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றுதான். 45/2 என்றிருந்தால் 45 என்பது புல எண், 2 என்பது உட்பிரிவு எண்.' இதைப் படித்தவர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருவார். முதல் விதமாகப் படித்தவர் பாதி வழியில் பக்கத்தை மூடிவிடுவார்.

4 ஜூன், காலை 8:10 | கேட்டவர்

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதினால் எல்லோருக்கும் புரியும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். அப்படியே மாற்றிவிடவா?

4 ஜூன், காலை 9:35 | மொழி திருத்துபவர்

வாக்கியத்தின் எளிமைக்கு அது ஓரளவு பொருந்தும். விளக்கத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. இந்தப் பக்கத்துக்கு இரண்டு விதமான புதியவர்கள் வருகிறார்கள்.

முதலாமவர் நிலத்துக்காரர். புல எண், உட்பிரிவு, கிஸ்தி, நத்தம், புறம்போக்கு எல்லாம் எழுதுகிற நம்மைவிட அவருக்குத் தெரியும். தெரியாதது பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் பட்டியல், புதிய தாவல், இறக்கிய கோப்பு போய் உட்கார்ந்த இடம். அவரிடம் 'பட்டா என்பது நில உரிமையைக் குறிக்கும் ஆவணம்' என்று தொடங்கினால், இது நமக்கான பக்கம் இல்லை என்று போய்விடுவார்.

இரண்டாமவர் அவருடைய மகளோ பேரனோ. போனில் என்ன வேண்டுமானாலும் செய்வார். வட்டம் என்றால் தாலுகா என்பது தெரியாது. வருவாய் கிராமம் வேறு, தான் சொல்லும் ஊர்ப் பெயர் வேறு என்பது தெரியாது.

எதிலுமே புதியவர் என்று ஒருவரும் இல்லை. ஆகவே விளக்கங்களை எல்லாம் பக்கத்தின் தலையில் கொட்டாதீர்கள். எந்தப் படியில் அந்தச் சொல் திரையில் வருகிறதோ, அந்தப் படியின் கீழே ஒரே வரியில் விளக்குங்கள். தெரிந்தவர் கண்ணால் தாண்டிவிடுவார், தெரியாதவர் அங்கேயே நின்று படித்துக்கொள்வார். மேலே கலைச்சொல் பட்டியல் வைப்பது இருவருக்குமே தடை.

4 ஜூன், காலை 10:20 | இ-சேவை மையம் நடத்துபவர்

வருவாய் கிராமம்னு சொன்னது ரொம்ப சரி. ஒரு வருவாய் கிராமத்துக்குள்ள பல குக்கிராமங்கள் இருக்கும். தளத்தோட பட்டியல்ல குக்கிராமத்தோட பேர் இருக்காது. தன் ஊர்ப் பேர் இல்லைன்னதும் ஜனங்க 'தளம் வேலை செய்யல'ன்னு முடிவு பண்ணிடுவாங்க. 'உங்கள் ஊர் பட்டியலில் இல்லையென்றால் பத்திரத்தில் கிராமம் என்ற இடத்தில் உள்ள பெயரைத் தேடுங்கள். அதிலும் தெளிவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருவாய் கிராமத்தின் பெயரைக் கேளுங்கள்'னு எழுதுங்க.

இதைவிடப் பெரிய குழி மாவட்டம். 2019-ல கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு அஞ்சு மாவட்டம் புதுசா வந்துச்சு, 2020-ல மயிலாடுதுறை. பழைய பத்திரத்துல விழுப்புரம் மாவட்டம்னு இருக்கும், நிலம் இப்ப கள்ளக்குறிச்சியில இருக்கும். வேலூர்னு எழுதியிருக்கும், தேட வேண்டியது ராணிப்பேட்டையிலயோ திருப்பத்தூர்லயோ. அதேபோல காஞ்சிபுரம்னா செங்கல்பட்டு, திருநெல்வேலின்னா தென்காசி, நாகப்பட்டினம்னா மயிலாடுதுறை. பத்திரத்தைப் பார்த்து அப்படியே நிரப்புறவங்க வட்டத்தைத் தேடித் தேடிக் களைச்சிடுவாங்க. ஆறு வரியில ஒரு சின்ன அட்டவணை போடுங்க. இடப்பக்கம் 'பத்திரத்தில் இப்படி இருந்தால்', வலப்பக்கம் 'இதையும் தேர்ந்து பாருங்கள்'.

4 ஜூன், மதியம் 1:00 | கேட்டவர்

'இதையும்' என்பதில் உம்மை எதற்கு?

4 ஜூன், மதியம் 1:20 | இ-சேவை மையம் நடத்துபவர்

விழுப்புரம்னு எழுதின பத்திரம் எல்லாமே கள்ளக்குறிச்சிக்குப் போயிடல சார். நிறைய நிலம் இன்னும் விழுப்புரத்துலயேதான் இருக்கு. 'இதை'ன்னு போட்டா, சரியான இடத்துல இருக்கிறவரையும் தப்பான இடத்துக்கு அனுப்பிடுவோம்.

4 ஜூன், இரவு 9:45 | தள வடிவமைப்பாளர்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்தைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். நான் எழுத்து திரையில் விழும் விதத்தைச் சொல்கிறேன். இதில் கோட்டைவிட்டால் நல்ல வாக்கியமும் வீணாகும்.

தமிழில் மேலே கொக்கியும் கீழே சுழியும் வரும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் மேல்வரியின் கூவும் கீழ்வரியின் கீயும் ஒன்றோடொன்று உரசும். வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு வையுங்கள். எழுத்தளவு 17 அல்லது 18 பிக்சல். தடித்த எழுத்தைப் பொத்தான் பெயருக்கு மட்டும் ஒதுக்குங்கள். பத்தி முழுக்கத் தடித்தால் சின்னத் திரையில் 'ண'வும் 'ன'வும் மையாகிவிடும். சாய்வெழுத்து தமிழுக்கு ஒத்துவராது, விட்டுவிடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறை. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து அதில் தேறாது. வெயிலில், வயல் வரப்பில் நின்று பார்ப்பவருக்கு அது சுத்தமாகத் தெரியாது.

இருபுறமும் சமன் செய்யும் அமைப்பை எடுத்துவிடுங்கள். 360 பிக்சல் அகலத் திரையில் 'தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கும்' போன்ற சொல் ஒரு வரியையே பிடித்துக்கொள்ளும், மற்ற வரிகளில் சொல்லுக்குச் சொல் ஓட்டை விழும்.

உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறதா? அப்படியென்றால் பக்கத்தின் தலைப்பிலிருந்து அது உருவாக்கும் முகவரியையும் பாருங்கள். கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவிகிதக் குறியோடு 3 எழுத்தாக மாறும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. 'சி' என்பது சகரமும் இகரக் கொக்கியுமாக இரண்டு குறி, 18 எழுத்து. முகவரியில் தலைப்பு வரும் துண்டுக்கு வேர்ட்பிரஸ் தருவது 200 எழுத்துதான். 22 குறிகளைத் தாண்டினால் வெட்டிவிடும். உங்கள் தலைப்பு 'இணையத்தில்' என்பதோடு நின்றிருக்க வேண்டும்.

4 ஜூன், இரவு 10:10 | கேட்டவர்

ஆமாம், அப்படியேதான் நிற்கிறது. 'பெறுவது எப்படி' காணவில்லை!

4 ஜூன், இரவு 10:30 | தள வடிவமைப்பாளர்

பக்கம் திறக்கும், அதில் பழுதில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவிகிதக் குறியும் எண்ணுமாக ஏழெட்டு வரி நீளத்துக்கு ஒரு சங்கிலி விழும். அதைப் பார்ப்பவர் மோசடி இணைப்போ என்று பயந்து தொடமாட்டார். புதிய பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் இரண்டு சொல் முகவரி கொடுங்கள். ஏற்கெனவே பரவிய பக்கத்தின் முகவரியை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து நிரந்தரத் திருப்பிவிடலை மறக்காமல் வையுங்கள்.

5 ஜூன், காலை 7:50 | கேட்டவர்

திரையின் படங்களைப் போட்டுவிட்டால் இவ்வளவு எழுத வேண்டுமா? ஒவ்வொரு படிக்கும் திரையைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்துவிடலாமே.

5 ஜூன், காலை 9:00 | தள வடிவமைப்பாளர்

படம் உதவும். ஆனால் படத்தை நம்பி எழுத்தைக் குறைக்கக் கூடாது. அரசுத் தளத்தின் முகப்பு மாறினால் எல்லாப் படமும் ஒரே நாளில் பழசாகிவிடும். கணினித் திரையைப் படமெடுத்துப் போட்டால் போனில் எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கும். பார்வைக் குறைபாடு உள்ளவருக்குத் திரை வாசிப்பான் படத்திலுள்ள எழுத்தைப் படிக்காது. மாற்று உரை எழுதினால்தான் சொல்லும். அந்த மாற்று உரையும் 'படம் 3' என்றிருந்தால் பயனில்லை. 'மாவட்டம் பெட்டி திறந்து பட்டியல் விரிந்திருக்கிறது' என்றிருக்க வேண்டும்.

படம் வேண்டிய இடம் இரண்டு: சேவைகள் வரிசையாக நிற்கும் முதல் திரை, புல எண் பெட்டியும் உட்பிரிவு பெட்டியும் அருகருகே வரும் திரை. போனில் எடுங்கள். முழுத் திரையையும் போடாமல் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டுங்கள், ஆனால் சுற்றிலும் கொஞ்சம் விடுங்கள். பெட்டியை மட்டும் வெட்டினால் அது பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சிவப்பு வட்டம் ஒரு படத்துக்கு ஒன்று. மாதிரிக்கு எடுத்த பட்டாவில் உள்ள பெயர், கைபேசி எண் இரண்டையும் கறுப்புக் கட்டத்தால் மூடுங்கள். மங்கலாக்கினால் போதாது.

5 ஜூன், காலை 9:40 | மொழி திருத்துபவர்

படத்தின் வேலையில் பாதியைத் தமிழ் வாக்கிய அமைப்பே செய்துவிடும். இடம், பொருள், செயல் என்ற வரிசையில் எழுதுங்கள். 'திரையின் மேலே வலது மூலையில் மூன்று கோடுகள் இருக்கும். அவற்றைத் தொடுங்கள்.' கண் முதலில் இடத்துக்குப் போகிறது, பிறகு பொருளைப் பார்க்கிறது, பிறகு விரல் நகர்கிறது. 'மூன்று கோடுகளைத் தொடவும், இது வலது மூலையில் காணப்படும்' என்று எழுதினால் தேடலைத் தொடங்கிய பிறகு முகவரி சொல்வதுபோல் ஆகிவிடும்.

செயப்பாட்டு வினையும் வேண்டாம். 'தேர்வு செய்யப்பட வேண்டும்' என்றால் யார் செய்ய வேண்டும்? அலுவலகமா, நானா? இந்த ஐயம் நிஜமாகவே வருகிறது, ஏனென்றால் அரசு நடைமுறையில் பாதி வேலை அலுவலகம் செய்வது. 'தேர்ந்தெடுங்கள்' என்றால் குழப்பமே இல்லை. விகுதியையும் ஒன்றாகவே வையுங்கள். ஒரு படியில் 'செய்க', அடுத்ததில் 'செய்யவும்', அதற்கடுத்ததில் 'செய்யுங்கள்' என்று மாறினால் மூன்று பேர் சேர்ந்து எழுதியதுபோல் இருக்கிறது.

'அதை', 'இதை' வேண்டிய இடத்தில் பெயரையே திரும்பச் சொல்லுங்கள். பள்ளிக் கட்டுரையில் கூறியது கூறல் குற்றம். இங்கே அதுதான் துணை. ஒரு படியை மட்டும் திரும்ப வந்து படிப்பவருக்கு 'அதை' எதைக் குறிக்கிறது என்று தெரியாது.

5 ஜூன், மாலை 4:30 | கேட்டவர்

வாக்கிய நீளத்துக்குக் கணக்கு உண்டா? பிரிட்டன் அரசுத் தளம் 25 சொல்லைத் தாண்டினால் பிரிக்கச் சொல்கிறதாம்.

5 ஜூன், மாலை 5:15 | மொழி திருத்துபவர்

அது ஆங்கிலத்துக்கான கணக்கு. அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழில் மலைபோல் ஒரு வாக்கியம் வந்துவிடும். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக நிற்பது தமிழில் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடுகிறது. படி எழுதும்போது ஏழெட்டுச் சொல், விளக்கம் எழுதும்போது 12 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு எழுதிய வாசிப்பு எளிமைக் கணிப்பான்களில் தமிழ்ப் பத்தியை ஒட்டி மதிப்பெண் பார்க்காதீர்கள். அவை ஆங்கில அசைகளை எண்ணுபவை; அந்த எண்ணுக்கு இங்கே பொருளில்லை. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் அங்கே முற்றுப்புள்ளி வைக்கலாம்.

5 ஜூன், இரவு 8:20 | இ-சேவை மையம் நடத்துபவர்

'விவரம் இல்லை' கேள்விக்கு இன்னும் வரலையே. அதுக்குன்னு தனித் தலைப்பு போடுங்க. தலைப்புல திரையில வர்ற சொல்லே இருக்கணும், ஏன்னா அதைத்தான் தேடுவாங்க. காரணத்தை மட்டும் அடுக்காம, எதை முதல்ல பார்க்கணும்னு வரிசை கொடுங்க. நான் பார்க்கிற வரிசை இது.

மாவட்டம், வட்டம் சரியா? புது மாவட்டம் பிரிஞ்ச பகுதியான்னு பார்ப்பேன்.

கிராமத்துப் பேர்ல இரட்டைப் பேர் இருக்கா? மேல, கீழ, வடக்கு, தெற்குன்னு முன்னொட்டு இருக்கும். ஒரே பேர்ல 1, 2ன்னு பகுதி பிரிச்சிருப்பாங்க. பட்டியல்ல முதல்ல கண்ணுல பட்டதைத் தொட்டுடுவாங்க.

உட்பிரிவு மாறியிருக்கா? நிலத்தைப் பாகம் பிரிச்சு அளந்திருந்தா 45/2ங்கிறது 45/2ஏ, 45/2பின்னு ஆகியிருக்கும். பழைய எண்ணைத் தட்டினா கிடைக்காது.

பத்திரம் ரொம்பப் பழசா? யூடிஆர்னு நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்ச திட்டத்துக்கு முந்தின பத்திரம்னா அதுல இருக்கிறது பழைய சர்வே எண். புது எண் எதுன்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்டயோ வட்ட அலுவலகத்துலயோ ஒப்புப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும்.

நிலம் ஊர்ப்புறமா, நத்தமா (ஊருக்குள்ள குடியிருப்புக்குன்னு ஒதுக்கின நிலம்), நகரமா? வகை மாறித் தேர்ந்தெடுத்தா எல்லாம் சரியா இருந்தும் வராது.

இவ்வளவும் பார்த்தும் வரலைன்னா தளத்துல கோளாறு இருக்கலாம், ராத்திரியோ மறுநாள் காலையிலயோ பார்க்கச் சொல்லுங்க. 'தளம் வேலை செய்யாமல் இருக்கலாம்'ங்கிறதை முதல்ல எழுதினா யாரும் மத்ததைப் பார்க்கவே மாட்டாங்க.

6 ஜூன், காலை 11:00 | கேட்டவர்

நடுப்பகுதியைத் திருத்தி எழுதியிருக்கிறேன். பாருங்கள்.

"படி 4. 'மாவட்டம்' பெட்டியின் வலது ஓரத்தில் கீழ்நோக்கிய சிறு அம்பு இருக்கும். அம்பைத் தொடுங்கள். பட்டியல் விரியும். உங்கள் மாவட்டத்தைத் தொடுங்கள்.

படி 5. 'வட்டம்' பெட்டியைத் தொடுங்கள். வட்டம் என்றால் தாலுகா. உங்கள் வட்டத்தைத் தொடுங்கள்.

படி 6. 'கிராமம்' பெட்டியைத் தொடுங்கள். பத்திரத்தில் உள்ள கிராமத்தின் பெயரைத் தொடுங்கள்.

படி 7. 'புல எண்' பெட்டியில் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் தட்டுங்கள். 45/2 என்றால் 45."

6 ஜூன், காலை 11:45 | மொழி திருத்துபவர்

ஆள் மாறிவிட்டது! படி 7-ல் உதாரணத்தை அதே இடத்தில் வைத்தது அருமை. விடுபட்டது ஒன்று: ஒவ்வொரு படியும் முடிந்ததும் திரையில் என்ன தெரியும் என்பது. படி 4-ல் 'பட்டியல் விரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற படிகளில் இல்லை. புதியவருக்கு வழி தவறும் பயத்தைவிடப் பெரிது, சரியாகத்தான் போகிறோமா என்ற சந்தேகம். 'இப்போது பெட்டியில் உங்கள் மாவட்டத்தின் பெயர் தெரியும்' என்ற வரிதான் அவருக்குத் தைரியம் கொடுத்து அடுத்த படிக்கு அனுப்புகிறது. அப்படித் தெரியாதவருக்கு, தவறு இந்தப் படியில்தான் நடந்தது என்று அங்கேயே பிடிபடும். படி 9 வரை போய்த் தலையைச் சொறிய வேண்டாம்.

6 ஜூன், மதியம் 12:10 | தள வடிவமைப்பாளர்

படி 5-ல் ஒரு பொறி இருக்கிறது. மாவட்டத்தைத் தேர்ந்த பிறகுதான் வட்டத்தின் பட்டியல் தளத்திலிருந்து இறங்கி வரும். இணைய வேகம் குறைந்த இடத்தில் சில நொடிகள் ஆகும். அதற்குள் தொட்டால் பட்டியல் காலியாக இருக்கும். 'பட்டியல் காலியாக இருந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி தொடுங்கள்' என்று சேருங்கள். பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் நிரப்பியவை அழிந்துபோகலாம் என்பதையும் படி 4-க்கு முன்னால் சொல்லிவிடுங்கள். எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் வர வேண்டும். செயலுக்குப் பின்னால் வந்தால் படிப்பதற்குள் காரியம் கெட்டிருக்கும்.

கடைசிப் படியும் 'பதிவிறக்கிக்கொள்ளலாம்' என்று நிற்கிறது. எங்கே போய் இறங்கும்? ஆண்ட்ராய்டு போனில் 'ஃபைல்ஸ்' செயலிக்குள் 'டவுன்லோட்ஸ்' என்ற இடத்தில். வாசகர் போனில் என்ன பெயர் தெரிகிறதோ அதே பெயரை எழுதுங்கள். ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்களுக்கு அதுவும், தமிழில் வைத்திருப்பவர்களுக்குத் தமிழ்ப் பெயரும்.

6 ஜூன், மாலை 7:30 | இ-சேவை மையம் நடத்துபவர்

அந்தக் கோப்பு எங்க போச்சுன்னு தெரியாம ஒரே பட்டாவைத் திரும்பத் திரும்ப இறக்கி வெச்சிருப்பாங்க. கூடவே 'வாட்ஸ்அப்பில் அனுப்ப' ஒரு படியும் சேருங்க. பெரும்பாலானவங்களுக்குப் பட்டா வேணும்கிறதே வங்கிக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ கொடுக்கத்தான்.

7 ஜூன், காலை 8:40 | கேட்டவர்

பக்கம் நீண்டுகொண்டே போகிறதே. நீளமான பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்பார்களே?

7 ஜூன், காலை 9:20 | மொழி திருத்துபவர்

இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் குழுவின் 1997 ஆய்வில் 79 சதவிகிதம் பேர் பக்கத்தை மேய்ந்தார்கள், சொல்லுக்குச் சொல் படிக்கவில்லை என்று வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் 'சுருக்கு, சுருக்கு' என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேய்பவர் தனக்கு வேண்டிய இடத்தைத் தேடித்தான் மேய்கிறார். கிடைத்ததும் நின்று படிக்கிறார். ஆகவே குறைக்க வேண்டியது படிகளை அல்ல, முன்னுரையை. படி 12 ஆனாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றும் ஒரே செயலாக இருக்கட்டும். சுருக்க வேண்டும் என்று இரண்டு செயலை ஒரு படிக்குள் அடைத்தால் எண்ணிக்கை குறையும், குழப்பம் கூடும்.

தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். 'அறிமுகம்', 'செயல்முறை', 'பிற தகவல்கள்' என்றிருந்தால் மேய்பவருக்குப் புல்லே இல்லை. 'பட்டா எண் தெரியாது, புல எண் மட்டும் இருக்கிறது: எடுக்கலாமா?' என்றிருந்தால் கேள்வியோடு வந்தவர் தன் கேள்வியையே அங்கே பார்ப்பார்.

7 ஜூன், மதியம் 2:15 | தள வடிவமைப்பாளர்

வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை. பக்கத்தை முதல்முறை பார்க்கும் மூன்று பேர் போதும். ஒருவர் நிலம் தெரிந்து போன் தெரியாதவர், ஒருவர் போன் தெரிந்து நிலம் தெரியாதவர், மூன்றாமவர் யாராக இருந்தாலும் சரி. அவர்களுடைய போனிலேயே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பேசக் கூடாது. விரல் எங்கே நிற்கிறது, எந்த வரியைத் திரும்பப் படிக்கிறார், எப்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்த இடத்தில் எழுத்து போதவில்லை. 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் புரிந்தது என்றே சொல்வார்கள். 'அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள்.

7 ஜூன், இரவு 9:05 | கேட்டவர்

நாளையே செய்கிறேன். பக்கத்தில் தேதி போட வேண்டுமா?

7 ஜூன், இரவு 9:30 | இ-சேவை மையம் நடத்துபவர்

கட்டாயம். ஆனா வெளியிட்ட தேதி வேணாம். 'கடைசியாக எல்லாப் படிகளையும் செய்து பார்த்த நாள்'னு மேல போடுங்க. மாசம் ஒரு தடவை நீங்களே முதல் படியிலிருந்து செஞ்சு பார்த்துத் தேதியை மாத்துங்க. தளம் மாறியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, அரசுத் தளம் மாதிரியே தோற்றத்துல காசு கேட்கிற தளங்கள் இருக்கு. முகவரியில இருக்கிற தளத்தோட பேர் 'டாட் ஜிஓவி டாட் இன்'னு முடியுதான்னு பார்க்கச் சொல்லுங்க. அதை அடிக்குறிப்பா போடாம, இணைப்பைத் தொடச் சொல்ற வரிக்கு நேர் மேல வைங்க.

8 ஜூன், காலை 7:15 | தள வடிவமைப்பாளர்

அச்சிடுவதற்கும் ஒரு வழி வையுங்கள். மையத்துக்கு வருபவர்கள் இந்தப் பக்கத்தையே தாளில் கேட்பார்கள். அச்சுக்கான நடைத்தாளில் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில்) பக்கப்பட்டி, விளம்பரம், பின்னணி நிறம் மூன்றையும் மறைத்துவிட்டு, எழுத்தளவை 14 புள்ளி ஆக்குங்கள். ஒரு படி இரண்டு தாளுக்கு நடுவில் உடையாமல் இருக்க ஒவ்வொரு படியையும் தனித் தொகுதியாக அடைத்து, 'உள்ளே உடைக்காதே' என்ற பண்பைக் கொடுங்கள். இணைப்பின் முழு முகவரியும் எழுத்தாகவே அச்சில் வர வேண்டும். தாளில் தொட முடியாது.

8 ஜூன், காலை 7:40 | இ-சேவை மையம் நடத்துபவர்

அந்தத் தாள்லயே கீழே மூணு கோடு விட்டு வைங்க: மாவட்டம், வட்டம், கிராமம் ஒரு கோடு; புல எண், உட்பிரிவு ஒரு கோடு; ஓடிபி வரும் போன் எண் ஒரு கோடு. வீட்டுலயே பத்திரத்தைப் பார்த்து எழுதிட்டு வந்திடுவாங்க.